பைத்தான் 3.8-ம் 3.12-ம் ஒரே லேப்டாப்பில்: வெர்ஷனை எடிட்டரில் வைப்பதா, ஃபோல்டரில் வைப்பதா?

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு முன்பு எழுதிக் கொடுத்த ஸ்டாக் கணக்கு புரோகிராம் இன்னும் பைத்தான் மொழியின் 3.8 வெர்ஷனில்தான் ஓடுகிறது. குலசேகரத்து ரப்பர் ஷீட் கடைக்கு இப்போது எழுதுவது 3.12. "3.8-க்கு 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது" என்று சொல்லிப் பார்த்தேன். "ஓடுதுல்லா மக்கா, பொறவு என்ன?" என்றார் அண்ணாச்சி.

புரோகிராம் எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடில் கீழ்ப்பட்டையைச் சொடுக்கி வெர்ஷனைத் தேர்ந்தெடுப்பது சுலபம். ஒரே ஒரு புராஜெக்ட் வைத்திருப்பவருக்கு அதுவே போதும்.

ஆனால் அந்தத் தேர்வு ஃபோல்டரில் பதிவாவதில்லை, எடிட்டரின் சொந்த நினைவில் கிடக்கிறது. லேப்டாப் மாற்றியபோது அது போய்விட்டது. பழைய ஃபோல்டரைத் திறந்தேன், எடிட்டர் தானாக 3.12-ஐப் பிடித்துக்கொண்டது. நான் பாட்டுக்கு 'மேட்ச்' போட்டு எழுதினேன். 3.10-ல் வந்த வசதி அது. ஆனாலும் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. அண்ணாச்சி கடை கம்ப்யூட்டரில் இருப்பது 3.8, அதனால் அங்கே சின்டாக்ஸ் எரர். நாகர்கோவிலிலிருந்து மழையில் பஸ் பிடித்துப் போய்ச் சரிசெய்தேன். எடிட்டரின் செட்டிங்ஸ் ஃபைலில் பைத்தானின் பாதையை எழுதி வைக்கலாம்தான். ஆனால் ஏற்கெனவே கையால் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால் எடிட்டர் அந்தப் பாதையைக் கண்டுகொள்ளாது.

அதனால் ஃபோல்டருக்கு ஒரு பைத்தான் வெர்ஷன் என்று வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் என்ற கருவியின் பக்கம் வந்துவிட்டேன். ஃபோல்டருக்குள் நின்று 'பைஎன்வ் லோக்கல் 3.8.18' என்றால் வெர்ஷனைக் குறித்துவைக்கும் ஒற்றை வரி ஃபைல் ஒன்று உருவாகிறது. அதைக் கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டிலேயே ஏற்றிவிடுவதால் ஃபோல்டர் எங்கே போனாலும் கூடவே போகும். பக்கத்திலேயே புள்ளி-வென்வ் என்ற பெயரில் ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த புராஜெக்டுக்கு மட்டுமான தனிப் பைத்தான் இடம்) போட்டால் வி.எஸ். கோடு தானே கண்டுபிடிக்கும். டெர்மினலில் அதை ஆக்டிவேட் செய்துவிட்டு நியோவிம் என்ற இன்னொரு எடிட்டரைத் திறந்தால் அதுவும் அதே பைத்தானைத்தான் எடுக்கும்.

இதிலும் தொல்லை உண்டு. பைஎன்வ் பைத்தானை மூலக்குறியீட்டிலிருந்து கம்பைல் செய்கிறது. உபுண்டு லினக்ஸில் எஸ்.எஸ்.எல். (பாதுகாப்பான இணைய இணைப்புக்கானது) டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லாமல் தொடங்கினால் வேலை பாதியில் நிற்கும். பழைய வெர்ஷனை நீக்கினால் அதை நம்பியிருந்த வென்வும் செத்துப்போகும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான், ஐந்து நிமிட வேலை.

யூவி என்ற கருவி கம்பைல் இல்லாமல் தயார்ப் பைத்தானையே இறக்கிக்கொள்கிறது, அதே ஒற்றை வரி ஃபைலையும் படிக்கிறது. நான் பார்த்தது இரண்டு வாரம்தான், குலசேகரம் வேலையில் மட்டும். புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு ஒரு பெட்டியில் அடைத்து ஓட்டும் டாக்கர் கன்டெய்னரை என் 8 ஜி.பி. லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டினேன், ஃபேன் போட்ட சத்தத்தில் மூடிவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.