சாரல் காலத்தில் எது காயும்? வேட்டித் துண்டு, தைத்த துணி டயப்பர், கடை டயப்பர்

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஆனி பிறந்துவிட்டால் ஒரே புலம்பல்தான்: மூத்திரத்துணி காயவில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். கால் மணி நேரம் வெயிலடிக்கும், ஓடிப்போய்த் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் மறுபடி தூறும். மலைக்கு அந்தப் பக்கம் தென்மலை, புனலூரில் இன்னும் மோசம், அங்கே தூறலாக இல்லாமல் மழையாகவே கொட்டும். டயப்பர் ஒப்பீடு என்றாலே விலை, பிராண்டு, உறிஞ்சும் திறன் என்று பேசுவார்கள். இந்த ஊருக்கு அதெல்லாம் அப்புறம். துவைத்தது நாளைக் காலைக்குள் காயுமா என்பதுதான் கேள்வி.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் பழைய வேட்டியைக் கிழித்த சதுரத் துண்டு, அதற்கு மேல் நீர் புகாத கவர். ராத்திரிக்கு ஒரே ஒரு கடை டயப்பர். எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான்.

விலைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்தது. கடை டயப்பர் ஒன்று 10 ரூபாய், நாளுக்கு 6 என்று வைத்தால் மாதம் 1,800 ரூபாய். துணிக்கு முதலில் ஒரு செலவு, பிறகு சோப்பும் தண்ணீரும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

தைத்த துணி டயப்பரைப் பற்றித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பார்க்க அழகு, பட்டன் போட்டு அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், பூப்போட்ட கவர். உள்ளே வைக்கும் பட்டைதான் பிரச்சினை. நான்கைந்து அடுக்குகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். வெளி அடுக்கு தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடு அடுக்கில் ஈரம் அப்படியே நிற்கும். சித்திரை வெயிலில் இது தெரியாது. சாரலில் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் நடு காயாது, மூன்றாம் நாள் பூஞ்சை வாடை வந்துவிடும். மூங்கில் நார்ப் பட்டை நன்றாக உறிஞ்சும், ஆனால் காய்வதில் அதுதான் கடைசி. மைக்ரோஃபைபர் பட்டை சீக்கிரம் காயும், ஆனால் குழந்தை உட்கார்ந்து அழுத்தினால் பிழிந்த பஞ்சு மாதிரி வெளியே விட்டுவிடும். அதைத் தோலில் படும்படி வைக்கவும் கூடாது. தோலின் ஈரப்பசையையும் இழுத்துச் சொரசொரப்பாக்கிவிடும்.

வேட்டித் துண்டு இங்கேதான் ஜெயிக்கிறது. மடித்தால் எட்டு அடுக்கு, கொடியில் விரித்தால் ஒரே அடுக்கு. இதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 3.6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். 60 செ.மீ. சதுரமாக வெட்டினால் 12 துண்டு. கரையையும் இற்றுப்போன இடத்தையும் கழித்தால் பத்துதான் தேறும். சாரல் காலத்துக்கு 30 துண்டு வேண்டும், ஆகவே மூன்று வேட்டி. வெயில் காலத்தில் இதில் பாதி போதும். புது வேட்டி வேண்டாம். கஞ்சி போக நாலைந்து துவைப்பு ஆகும், அதுவரை ஈரத்தை இழுக்காது. பாலியெஸ்டர் கலந்ததும் ஆகாது. ஓரத்தில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்காமல் விடாதீர்கள். பிரிந்த நூல் குழந்தையின் கால்விரலிலோ, ஆண் குழந்தைக்குக் குறியிலோ சுற்றி இறுகிவிடும். காரணமே இல்லாமல் வீறிட்டு அழுகிறதென்றால் முதலில் அங்கே பார்க்க வேண்டும். இன்னொன்று: தாத்தாவின் வேட்டி டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு கிடந்ததா? அந்த நாப்தலீன் ஆவி துணியில் ஏறியிருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. அலசி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று துணிய வேண்டாம், அந்த வேட்டியைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

மடிப்பு எளிது. சதுரத்தை இரண்டாக மடித்து, மறுபடி இரண்டாக மடித்தால் 30 செ.மீ. சதுரம், நாலு அடுக்கு. அதை இன்னொரு தரம் பாதியாக மடித்தால் 30க்கு 15, எட்டு அடுக்கு. இதைக் கவருக்குள் நீளவாக்கில் வைக்க வேண்டும். ஆண் குழந்தை என்றால் முன்பக்கம் ஒரு மடிப்பு கூடுதலாக. கசிகிறது என்று வரும் புகாரில் முக்கால்வாசி கவரின் குற்றமல்ல. தொடைப்பக்கம் துணியின் ஓரம் அரை விரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விளக்குத்திரி எண்ணெய் இழுப்பதுபோல அது ஈரத்தை வெளியே இழுத்துச் சட்டை வரை நனைத்துவிடும். விரலை விட்டு ஓரத்தை உள்ளே தள்ளினால் தீர்ந்தது. கவர் நாலைந்து போதும். மலம் படவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த துண்டுக்கும் அதையே போடலாம்.

பிறந்த முதல் மாதம் மட்டும் கவர் வேண்டாம். ‘எல்லா வயதுக்கும்’ என்று விற்கும் கவர் மூன்று கிலோக் குழந்தையின் காலில் தொளதொளவென்று நிற்கும். அந்த மாதத்துக்குப் பழைய லங்கோடுதான், தொப்புள்கொடிக்குக் கீழே கட்ட வேண்டும். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும், உண்மைதான்.

இனி துவைப்பதும் காயவைப்பதும். சேர்த்து வைத்து இரண்டு நாளுக்கு ஒருமுறை துவைக்கிற யோசனை சாரலில் எடுபடாது. மலத்தைக் கழிப்பறையில் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவையுங்கள். முதலிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் கறை நெசவில் பிடித்துக்கொள்ளும். சோப்புத்தூள் வழக்கமாகப் போடுவதில் பாதி. நுரை தங்கினால் குழந்தையின் தொடை சிவக்கும். துணியை மென்மையாக்கும் திரவம் அறவே கூடாது. நூல் மேல் மெழுகு மாதிரி படிந்து, துண்டு ஈரத்தை வாங்காமல் உருட்டிவிடும். துவைத்த பிறகும் நனைந்ததும் மூக்கில் அடிக்கிற நெடி வந்தால் சோப்பைக் கூட்டுவதில் பயனில்லை. போர்வெல் தண்ணீரின் உப்பும் பழைய சோப்பும் படிந்திருக்கிறது. சோப்பே போடாமல் சூடான நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். இந்தச் சூட்டு வைத்தியம் துண்டுக்கு மட்டும், கவருக்கு இல்லை.

பிழிவதிலேயே துணி பாதி காய்ந்துவிடுகிறது. பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினை யாராவது எடைக்குப் போடப் போனால் தடுங்கள். அதன் பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1300 சுற்றுக்கு மேல் சுற்றும். மேலே மூடி திறக்கும் ஃபுல் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் 700ஐ ஒட்டித்தான். ஐந்து நிமிடம் அந்தத் தொட்டியில் சுற்றிய வேட்டித் துண்டு, உதறினால் கிட்டத்தட்டக் காய்ந்தது போலவே வரும்.

கொடியை வீட்டின் கிழக்குப் பக்கம் கட்டுங்கள், தாழ்வாரமோ அறையோ. சாரல் மேற்கிலிருந்து சாய்ந்து வருகிறது. அறைக்குள் என்றால் மேற்கு ஜன்னலைச் சாத்தி, கிழக்கு ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட வேண்டும். எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு ஃபேன் போடுகிறவர்கள் உண்டு. ஈரம் எங்கே போகும்? அதே அறையைச் சுற்றிச் சுற்றி வரும், துணியும் காயாது, சுவரும் பூக்கும். துண்டுக்குத் துண்டு நாலு விரல் இடைவெளி, ஒன்றின் மேல் ஒன்று கூடாது. 75 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட்தான். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் விடியும்போது எடுத்துவிடலாம். எடுத்த துண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். கையை ஏமாற்றும் ஈரம் கன்னத்தை ஏமாற்றாது, சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. அதை இஸ்திரிப் பெட்டி முடித்துவிடும். ஆனால் கவரில் இஸ்திரி படக்கூடாது, உள்பூச்சு உருகிவிடும். கவர் உதறி நிழலில் போட்டாலே மூன்று மணி நேரத்தில் காயும்.

கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணிப் புகையில் துணி காட்டுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆச்சிமார் கோபித்தாலும் சரி, அது வேண்டாம். புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது, தீப்பொறி பறந்தால் அதைவிட ஆபத்து.

கடை டயப்பருக்கு வருவோம். உள்ளே மரக்கூழும், நீரை உறிஞ்சிக் கூழாகிற பாலிமர் துகளும். காயவைக்கும் தொல்லை இல்லாததுதான் அதன் ஒரே பெரிய பலம், ராத்திரிக்கு அது பெரிய பலம்தான். துண்டை இரண்டாகப் போட்டாலும் விடிவதற்குள் ஒரு தடவை எழுந்து மாற்றியாக வேண்டும், பெற்றவளுக்கும் தூக்கம் வேண்டாமா? கொல்லம் ரயிலில் ஏறுகிற நாளிலும் இதுதான் கை கொடுக்கும். பகலில் போட்டால் மூன்று நாலு மணிக்கு ஒருதரம் மாற்றுங்கள். நனைந்தது வெளியே தெரியவில்லை என்பதற்காக நாள் முழுக்க விட்டால் சொறி நிச்சயம்.

அப்புறப்படுத்துவதில் அது தோற்கிறது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, தாளில் இறுகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். நடப்பில் கால்வாய்க் கரையில் உப்பிக் கிடக்கிறது, நாய் இழுத்துத் தெருவில் போடுகிறது. சாரல் ஈரத்தில் கொளுத்தினாலும் எரியாது, புகைந்துகொண்டே கிடக்கும். நாளுக்கு ஆறு என்றால் ஒரு மாதத்தில் 180. ராத்திரிக்கு ஒன்று மட்டும் என்றால் 30.

சொறி எதில் குறைவு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எதுவானாலும் நனைந்ததை உடனே மாற்றுகிற வீட்டில் குறைவு. தொடை மடிப்புக்குள் செக்கச் செவேலென்று படர்ந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. தேங்காய் எண்ணெயில் அடங்காது, டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம், மூச்சில் போகும்.

இரட்டைக் குழந்தை வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. 60 துண்டுக்கு எங்கே கொடி கட்டுவது? பகலிலும் இரண்டு மூன்று கடை டயப்பரைக் கலந்துகொள்வதுதான் நடக்கிற காரியம். ஒரு குழந்தைதான் என்றால், சித்திரையிலேயே வேட்டியைக் கிழித்து ஓரம் தைத்து வைத்துவிடுங்கள், ஆனியில் தையல் மெஷினுக்கு முன் உட்கார நேரம் கிடைக்காது.