பிளாக்பாக்ஸா, கோட்வொர்க்அவுட்டா: மாணவர்களின் நிரல் தரவை எங்கே எடுப்பது?

நிரல் எழுதப் பழகுபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று ஆராய ஆசை. கையில் இருப்பதோ ஒரே வகுப்பு, அறுபது பேர். இந்த நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் ஓடுவது, பிள்ளைகள் நிரல் எழுதும்போது நடப்பதைச் சேர்த்துவைக்கும் பிளாக்பாக்ஸ் என்ற தரவுத் தொகுப்பின் பக்கம்தான்.

அது 2013இல் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில், புளூஜே என்ற ஜாவா எழுதும் மென்பொருளின் குழு தொடங்கியது. (நம் ஊர் ஐசிஎஸ்இ பிள்ளைகள் ஜாவா பழகும் அதே புளூஜே.) பங்கேற்கச் சம்மதித்தவர்களின் ஒவ்வொரு கம்பைலும் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் முயற்சி), பிழைச் செய்தியும், திருத்திய நிரலும் பெயரில்லாமல் சர்வருக்குப் போய்ச் சேரும். 2015இல் வந்த ஓர் ஆய்வு மட்டுமே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் 3 கோடியே 70 லட்சம் கம்பைல்களை அலசியது. அதற்கு முந்தைய வருடம், எந்தப் பிழை அதிகம் வரும் என்று ஆசிரியர்கள் கணித்ததை இதே தரவோடு வைத்துப் பார்த்தார்கள். ஓரளவுக்குத்தான் ஒத்துப்போனது, ஆசிரியர்களுக்குள்ளேயே கூட பெரிய ஒற்றுமை இல்லை. இப்படியான கேள்விக்கு அறுபது பேர் எந்த மூலைக்கு?

ஆனால் அந்த மாணவர் யார், எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் தேறினாரா, எதுவும் தெரியாது. ஒரே வரியை ஏழு முறை மாற்றியிருப்பார், திணறலா விளையாட்டா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். உங்கள் வகுப்புக்கு மட்டும் ஓர் அடையாளக் குறி கொடுத்து அவர்களைத் தனியே பிரித்தெடுக்கும் வசதி உண்டு, ஆனால் அப்புறம் மறுபடி அதே அறுபது பேர்தான். தரவைப் பொதுவெளியில் போடவும் முடியாது, விண்ணப்பித்துத்தான் உள்ளே போகலாம். நிரலின் குறிப்பு வரிகளில் பிள்ளைகள் தங்கள் பெயரையே எழுதி வைத்தால் என்ன செய்வது?

கோட்வொர்க்அவுட் இதற்கு நேர் எதிர். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் நிரல் பயிற்சித் தளம். 2019ஆம் ஆண்டுத் தரவு கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஷாப் என்ற கல்வித் தரவுக் கிடங்கில் இருக்கிறது. சிறுசிறு ஜாவா கணக்குகள், ஒவ்வொரு முயற்சிக்கும் மதிப்பெண், கூடவே இறுதித் தேர்வு மதிப்பெண். யார் பின்தங்குவார் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுக்கு இதை விட்டால் வேறு பார்க்க மாட்டேன். குறை என்னவென்றால், இரண்டு சமர்ப்பிப்புகளுக்கு நடுவே மாணவர் என்ன செய்தார் என்பது பதிவாகவில்லை.

முதல் ஆய்வு என்றால் என் வாக்கு கோட்வொர்க்அவுட்டுக்குத்தான். அந்தத் தரவு, நிரல் எழுதும் தரவுக்கென்றே உள்ள ப்ராக்ஸ்னாப்2 என்ற பொது வடிவத்தில் இருப்பதும் ஒரு காரணம்: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி என்று ஒரே பெரிய அட்டவணை, ஒவ்வொரு கட்டத்திலும் நிரல் எப்படி இருந்தது என்பது தனியாக. பின்னாளில் உங்கள் வகுப்பில் நீங்களே சேகரித்தாலும் முதல் நாளிலிருந்தே இதே வடிவத்தில் சேமியுங்கள், கோட்வொர்க்அவுட்டுக்கு எழுதிய அலசல் நிரல் கொஞ்சம் தட்டிக்கொட்டினால் அதிலும் ஓடும். நிகழ்வுகளின் வரிசை எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். லேப் கணினிகளில் பாதிக்குக் கடிகாரம் தப்பாக ஓடியதால், பிழையைத் திருத்திய பிறகுதான் பிழையே வந்தது என்று காட்டிய ஒரு கோப்போடு நான் இரண்டு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.