குடும்ப ஆண்டு மலர்: நீண்ட நாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

ஓராண்டில் வீட்டுக்குள் நடந்த கூத்துகளைத் தொகுத்து, 16 பக்கச் சிறு மலராக அச்சிட்டு, சொந்தபந்தங்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது. இதைச் செய்து பார்ப்பவர்களில் பலர் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். டிசம்பரில் உட்கார்ந்து எழுதத் தொடங்குவதுதான் காரணம். ஆண்டு மலருக்கான வேலை ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நடந்த அன்றே எழுதி வைத்த ஒற்றை வரியில்தான் அதன் சிரிப்பு முழுவதும் இருக்கிறது.

ஆண்டு முடிவில் யோசித்தால் நினைவுக்கு வருவது கல்யாணம், வீடு மாற்றம், ஆஸ்பத்திரி, பரீட்சை. அவை செய்திகள். சிரிப்பு அவற்றின் ஓரங்களில் கிடக்கும்: வீடு மாறிய அன்று எல்லாப் பெட்டிகளிலும் ‘முக்கியம்’ என்று எழுதி ஒட்டியதால் முக்கியமான எதுவுமே அகப்படாமல் போனது; மூன்று நாள் தேடிய சாவிக்கொத்து ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் இருந்தது. இந்த ஓரங்களைத்தான் மனம் முதலில் உதிர்க்கிறது. கற்றது தொடக்கத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மையே சோதித்து எழுதிவிட்டார். ஓர் அனுபவத்தில் உச்சக்கட்டமும் முடிவுமே அதிகம் தங்கும் என்று உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல், குளிர்நீரில் கையை வைக்கச் சொல்லும் சோதனை ஒன்றில் காட்டினார்கள். ஆண்டு மலருக்கு வேண்டியதோ உச்சமும் முடிவும் அல்ல, நடுவில் இருப்பது.

ஆகவே முதல் கருவி நோட்டு. செயலி, விரிதாள், வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்த பிறகும் நோட்டுதான் நிற்கிறது. விரிதாளைத் திறப்பதற்குள் சொன்ன சொல் மறந்துவிடும். குறிப்புச் செயலி ஒருவர் கைபேசிக்குள் அடைபட்டுக் கிடக்கும். கைபேசி மாறும்போது தொலைந்தும் போகும். குழுவில் போட்டால் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். ‘மறையும் செய்திகள்’ வசதியை யாராவது இயக்கி வைத்திருந்தால் மார்ச் மாதத்தில் நடந்தது டிசம்பரில் இருக்காது. எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் இடத்துக்கு அருகில், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்ட 100 பக்க நோட்டு ஒன்று போதும். பேனாவைக் கட்டாமல் விட்டால் ஒரு வாரத்தில் பேனா காணாமல் போகும், அதற்கடுத்த வாரம் பழக்கமே போய்விடும்.

ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயங்கள் வேண்டும்: தேதி, யார், எங்கே அல்லது எதைச் செய்துகொண்டிருந்தபோது, சொன்ன சொல் அப்படியே. நான்காவது இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் பயனில்லை. ‘பாட்டி ரிமோட்டைத் தேடினார், எல்லோரும் சிரித்தோம்’ என்ற வரியிலிருந்து பத்து மாதம் கழித்து எதையும் மீட்க முடியாது. இதோ இப்படி இருக்க வேண்டும்: ‘மார்ச் 3, இரவு 9. பாட்டி, கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டே: எடுத்தவன் வந்து சொல்லட்டும், அதுவரைக்கும் யாரும் டிவி பாக்க வேணாம்.’ இதற்கு மேல் எழுத வேண்டியதே இல்லை. அப்படியே அச்சுக்குப் போகலாம்.

பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றக் கூடாது. ‘அதுவரை எவரும் தொலைக்காட்சி பார்க்க வேண்டாம்’ என்று திருத்திய கணமே பாட்டி மறைந்து செய்தி வாசிப்பாளர் வந்துவிடுகிறார். நடந்ததை விவரிக்கும் வரிகள் எழுத்து நடையிலும், பேசியவை பேச்சு நடையிலும் இருப்பதே வாசிக்கச் சுகம். பேச்சின் ஒவ்வோர் ஒலியையும் எழுத்தில் பிடிக்க முயல்வதும் தவறுதான். வாசிப்பவர் எழுத்துக் கூட்டத் தொடங்கினால் சிரிப்பு தவறிவிடும். ஒரு வாக்கியத்தில் இரண்டு மூன்று சொற்கள் பேச்சு வடிவில் இருந்தால் குரல் கேட்டுவிடும்.

வாரத்துக்கு இரண்டு குறிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 104. அவற்றில் 15 தேறினால் நல்ல ஆண்டு. இந்தக் கழிவு விகிதத்தைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. எது தேறும் என்று எழுதும் நாளில் யாருக்கும் தெரியாது.

எழுதுபவர் ஒருவராகவே இருப்பதுதான் பல வீடுகளில் நடக்கும் பிழை. அவர் அந்த ஆண்டிலேயே இல்லாதது போல மலர் அமையும். எப்போதும் கேமராவைப் பிடிப்பவர் ஆல்பத்தில் இல்லாமல் போவது போலத்தான். மாதத்துக்கு ஒருவர் என நோட்டுப் பொறுப்பைச் சுழற்றினால் இது தீரும். எழுத்துக் கூட்டும் வயதுக் குழந்தைக்கும் ஒரு மாதம் கொடுக்கலாம். அந்த மாதப் பக்கங்களை எழுத்துப்பிழைகளுடன் அப்படியே ஸ்கேன் செய்து போடுவது நல்லது.

எண்ணிக்கைப் பக்கம் ஒன்று கட்டாயம் வேண்டும். சாவி தொலைந்தது எத்தனை முறை, ‘அஞ்சே நிமிஷம்’ என்று சொல்லி அரை மணி நேரம் ஆனது எத்தனை முறை, பழுது பார்த்த மின்விசிறி மீண்டும் நின்றது எத்தனை முறை. இதைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது. ஜனவரி முதல் நாளே நோட்டின் பின்னட்டையில் நான்கைந்து தலைப்புகளை எழுதி, நடக்க நடக்கக் கோடு போட்டு வர வேண்டும். உத்தேசமாக 20 என்று எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. 17 என்று எழுதி, பதினேழாவது முறை என்றைக்கு என்பதையும் சேர்த்தால் சிரிப்பார்கள்.

இனித் தேர்வு. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வகுக்கிறது. உரைகாரர்கள் அவற்றைத் தன்னிடம் தோன்றுவது, பிறரிடம் தோன்றுவது என்று மேலும் பிரித்துக் காட்டுவார்கள். குறிப்புகளைத் தரம் பிரிக்க இதைவிடக் கைக்கு அடக்கமான சல்லடை கிடைக்கவில்லை. குழந்தைகள் பேசுவது இளமை. தெரியாமல் செய்தது, கேட்டதை அப்படியே நம்பிச் செய்தது எல்லாம் பேதைமையும் மடனும். இம்மூன்றும் அச்சில் காலத்துக்கும் நிற்கும். எள்ளல்தான் ஆபத்து. பேச்சில் கேலி செய்யும்போது முகத்தில் அன்பு தெரியும். தாளில் முகம் இல்லை. எள்ளல் வேண்டுமென்றால் எழுதுபவர் தம்மைத் தாமே எள்ளும் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது எழுதுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நகைச்சுவையை ஆராயும் பீட்டர் மெக்ராவும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட முடிவு இது: கடுமையான துயரம் தள்ளிப்போகப் போக வேடிக்கையாகத் தெரியலாம், சிறிய அசம்பாவிதம் பக்கத்தில் இருக்கும்போதுதான் வேடிக்கை. வீட்டுப் பயன்பாட்டில் இது அச்சொட்டாகப் பொருந்துகிறது. பால் பொங்கி வழிந்ததை அன்றைக்கே எழுத வேண்டும்; ஆறு மாதம் கழித்தால் அது வெறும் பால். கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டதை அந்த ஆண்டு மலரில் சேர்க்காமல், குறிப்பை மட்டும் நோட்டில் காப்பாற்றி வைத்து, அவர் நடக்கத் தொடங்கி அவராகவே சொல்லிச் சிரித்த பிறகு அடுத்த மலரில் சேர்க்கலாம்.

அனுமதி இல்லாமல் எதுவும் அச்சேறக் கூடாது. யாரைப் பற்றிய குறிப்போ அவர் கையில் முதல் வரைவு போக வேண்டும். அவர் எதையாவது அடித்து நீக்கினால் காரணம் கேட்கக் கூடாது. மதிப்பெண், உடல் தோற்றம், கடன், காதல் ஆகிய நான்கையும் கேட்காமலே விட்டுவிடலாம். வளரிளம் வயதுப் பிள்ளைகள் வரைவைப் பார்த்து ‘சரி’ என்று முணுமுணுத்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேட்பது முறை.

அந்த ஆண்டு வீட்டில் ஒருவர் மறைந்திருந்தால் மலரைக் கைவிட வேண்டியதில்லை. அவர் சொன்னதாக நோட்டில் இருக்கும் வரிகளை அவருடைய குரலிலேயே ஒரு பக்கத்தில் போடலாம். அடுத்த பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். வேடிக்கைப் பக்கத்தோடு அவருடைய பக்கம் முதுகொட்டி நின்றால் இரண்டுமே கெடும்.

வரிசை முறையில் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று போனால் வருகைப் பதிவேடு போலாகிவிடும். ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது மேல்: ஒழுகும் குழாய், கடன் போன ஏணி, யாருக்கும் அளவு சேராத ஒரு ஸ்வெட்டர். முதல் முறை விவரமாகச் சொல்ல வேண்டும், இரண்டாம் முறை ஒரு வரியில். மூன்றாம் முறை பெயரைச் சொன்னாலே போதும், படிப்பவர் மீதியைத் தாமே சொல்லிக்கொள்வார். ஒரு சம்பவத்துக்கு 120 முதல் 150 சொற்கள் வரை கொடுக்கலாம். அதைத் தாண்டினால் பெரும்பாலும் விளக்கம் புகுந்திருக்கும்.

படங்களில் நேரும் கோளாறு ஒன்றுதான், ஆனால் எல்லோருக்கும் நேர்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடுகிறது. எடுத்த தேதி, நேரம் போன்ற உள்விவரங்களும் உதிர்ந்துவிடுகின்றன. ஏ5 பக்கம் (ஏ4 தாளில் பாதி) முழுக்க ஒரு படம் வர, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1748 × 2480 புள்ளிகள் வேண்டும். ஆகவே படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். கடை ரசீது, பயணச்சீட்டு போன்ற, வெப்பத்தால் அச்சாகும் தாள் துண்டுகள் நாளடைவில் வெளுத்துப்போகும். கிடைத்த அன்றே படம் எடுத்துவிட வேண்டும்.

பக்க அமைப்பில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வழக்கமான பத்தி அமைப்பானை வைத்துக்கொண்டு யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் சங்கிலிக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் இந்தத் தொல்லை இல்லை, வீட்டு மலருக்கு அதுவே தாராளம். அச்சுக்குப் பிடிஎஃப் ஆக மாற்றும்போது எழுத்துரு உள்ளே பொதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அச்சகத்துக் கணினியில் கட்டங்கட்டமாக வரும்.

பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும், ஏனெனில் மடித்த ஓர் ஏ4 தாள் நான்கு ஏ5 பக்கம் தரும். 16 பக்கத்துக்கு நான்கு தாள். அட்டை போக உள்ளே 12 பக்கம். உள்தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), அட்டை 200 முதல் 250 ஜிஎஸ்எம். 70, 80 ஜிஎஸ்எம் தாளில் மறுபக்கத்துப் படம் நிழலாடும். பிரிண்டரில் ‘புக்லெட்’ அமைப்பையும், இருபக்க அச்சுக்குக் குறுகிய ஓரமாகப் புரட்டுவதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்ட ஓரம் என்று விட்டால் தாளின் ஒரு பக்கம் தலைகீழாக வரும். முதல் பிரதியைச் சாதாரணத் தாளில் அடித்து, மடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்காமல் மீதியை அடிக்கக் கூடாது.

சாதாரண ஸ்டேப்ளரின் கை, ஓரத்திலிருந்து 148 மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் மடிப்பை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் தேடுவதைவிட நூல் தையலே நல்லது, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைக் கறைப்படுத்தும் கவலையும் இல்லை. மடிப்பில் நடுவே ஒரு துளை, அதிலிருந்து 65 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஒவ்வொன்று. 55 சென்டிமீட்டர் நூல். உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே நுழைந்து, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, மீண்டும் நடுத்துளையில் உள்ளே போக வேண்டும். இரு நுனிகளும் நீள நூலின் இருபுறமும் நிற்கும்படி வைத்து முடிச்சிட்டால் பல ஆண்டுகள் அசையாது. லேசர் அச்சு ஈரக்கை பட்டால் கரையாது. சாய மையால் அடித்த இங்க்ஜெட் அச்சு கரையும். லேசர் பிரதிகளை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் மை உறையோடு ஒட்டிக்கொண்டு வரும், காகித உறை போதும்.

ஐந்தாறு மலர்கள் சேர்ந்த பிறகுதான் தெரியும் குறை ஒன்று உண்டு: உறவுப் பெயர்கள். ஒருவருக்குப் பாட்டி, இன்னொருவருக்கு அத்தை, மூன்றாமவருக்கு அம்மா. ‘மாமா ஏணியில் மாட்டிக்கொண்டார்’ என்று எழுதியிருந்தால் எந்த மாமா, யாருக்கு மாமா என்பதில் பின்னால் பிறந்த குழந்தைகளுக்கு ஒன்றும் புரியாது. உள்ளட்டையில் ஒவ்வொருவரின் பெயர், அந்த ஆண்டில் அவர் வயது, மலரில் அவர் எந்த உறவுப் பெயரில் வருகிறார் என்ற பட்டியலை முதல் மலரிலிருந்தே போட வேண்டும். வீட்டுக்குள் மட்டும் விளங்கும் பட்டப்பெயருக்கும் அங்கேயே ஒரு வரி விளக்கம்.

கடைசிப் பக்கத்தில் எதையும் அச்சிடாமல் வெறும் கோடுகள் மட்டும் விட்டால் அது தானாகவே நிரம்பும். ‘நான் அப்படிச் சொல்லவே இல்ல’, ‘அன்னிக்கு மழையே பெய்யல’ என்று படித்தவர்கள் கைப்பட எழுதுவார்கள். எல்லோரிடமிருந்தும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாங்கிப் புதிய நோட்டின் முதல் தாளில் ஒட்டிவிடலாம். செல்லோடேப் வேண்டாம், மஞ்சளித்து உதிரும், மாவுப் பசை போதும்.