கடைசி நாளைத் துரத்தாமல் தேடுவது: போட்டித் தளங்களோடு என் நெடுநாள் பழக்கம்

வளரும் எழுத்தாளர்களுக்கும் மேடைக் கலைஞர்களுக்கும் வாய்ப்புகளைக் காட்டித் தரும் தளங்களில் பெரும்பாலானவற்றில் எனக்குக் கணக்கு உண்டு. சிலவற்றை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவருகிறேன். சிலவற்றிலிருந்து வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே அழிக்கிறேன். எது நல்ல தளம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே தேடலைக் கடைசி நாளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறதா, கையில் முடிந்து கிடக்கும் படைப்பிலிருந்து தொடங்க முடிகிறதா?

சின்ன வேறுபாடுபோலத் தெரியும். ஆனால் பட்டியல் வழியே தேடுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். 'இந்த வாரம் முடியும் போட்டிகள்' என்று ஒரு நீண்ட வரிசை வந்து நிற்கும். அதில் ஒன்று கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கதை கேட்கும். மூன்று நாளில் அவசரமாக ஒரு கலங்கரை விளக்கக் கதை எழுதப்படும், அனுப்பப்படும், திரும்பியும் வரும். எழுதியதை வீணாக்க மனம் வராமல் அதையே வேறு இதழ்களுக்கு அனுப்புவார்கள். எங்கோ ஓர் இதழ் கருப்பொருள் சிறப்பிதழுக்கான முடிவுகளை அறிவித்ததும், தம் பெட்டியில் அதே கருவில் எழுதிய கதைகள் வந்து குவிவதாக மற்ற ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான். எந்தப் போட்டி முடியப்போகிறது என்பதைக்காட்டிலும், என்னிடம் இருக்கும் 3,200 சொல் கதையை யார் படிக்க விரும்புவார்கள் என்பதே பயனுள்ள கேள்வி.

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற தளங்கள் என்று நான் மதிப்பவை இரண்டு: டியோட்ரோப், சப்மிஷன் கிரைண்டர். டியோட்ரோப் 2005-இல் தொடங்கியது. பல ஆண்டுகள் இலவசமாக இருந்துவிட்டு, 2013-இன் தொடக்கத்தில் மாதம் 5 டாலர் சந்தாவுக்கு மாறியது. அந்தச் சமயத்தில் இலவச மாற்றாக டேவிட் ஸ்டெஃபன் என்ற எழுத்தாளர் கொண்டுவந்ததுதான் கிரைண்டர். இரண்டிலும் செயல்முறை ஏறக்குறைய ஒன்றே. கதையா கவிதையா, எந்த வகை, எத்தனை சொற்கள், குறைந்தது எவ்வளவு சன்மானம் வேண்டும் என்று உங்கள் படைப்பின் அளவுகளைக் கொடுத்தால், பொருந்தும் இடங்கள் மட்டும் மிஞ்சும். கிரைண்டரின் வேர் அறிவியல் புனைவிலும் மிகுபுனைவிலும் இருப்பதால் அந்த வகை எழுதுகிறவர்களுக்கு அதுவே போதும். யதார்த்தக் கதை, கவிதை, கட்டுரை என்றால் டியோட்ரோப்பில்தான் தீனி அதிகம்.

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது நல்லது. இவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில இதழ்கள். மொழிபெயர்ப்பை ஏற்கும் இதழ்களைத் தேடத்தான் நமக்குப் பயன்படும். வேர்ட்ஸ் விதவுட் பார்டர்ஸ், அசிம்டோட் போன்றவை மொழிபெயர்ப்புகளுக்கென்றே இயங்குகின்றன. ஆனால் அடுத்தவர் கதையை மொழிபெயர்த்து அனுப்புவதாக இருந்தால் மூல ஆசிரியரின் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டே அனுப்ப வேண்டும். தேர்வான பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் அங்கேயே முட்டும்.

கிரைண்டரில் நான் அதிகம் பார்ப்பது ஒவ்வோர் இதழின் பக்கத்திலும் இருக்கும் பதில் நாள் வரைபடத்தைத்தான். கிடைக்கோட்டில் நாட்கள், அவற்றின்மேல் குச்சி குச்சியாக நிராகரிப்புகளும் ஏற்புகளும். ஓர் இதழின் படம் முழுக்க முதல் வாரத்திலேயே குச்சிகள் நெருக்கியடித்து நிற்கும். அப்படியென்றால் ஆசிரியருக்கு முன் கதைகளைப் படித்துச் சலிக்கும் முதல் வாசகர் வேகமாகக் கழித்துவிடுகிறார், தாண்டிய கதைகள்தான் ஆசிரியருக்குப் போகின்றன என்று பொருள். இன்னொன்றில் நூறு நாளுக்குப் பிறகே ஏதாவது முளைக்கும். அங்கே அறுபதாவது நாளில் நகம் கடிப்பதில் பயனில்லை. காத்திருப்பின் பதற்றத்தை இந்தப் படம் குறைத்த அளவுக்கு வேறு எதுவும் குறைத்ததில்லை. ஏற்பு விகிதத்தை மட்டும் அப்படியே நம்பிவிடக்கூடாது. இவை எல்லாம் பயனர்கள் தாங்களாகப் பதிவுசெய்பவை. ஏற்பு வந்தவர் உற்சாகமாகப் பதிவார், நிராகரிப்பு வந்தவர் பலநேரம் தளத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். ஆகவே உண்மை விகிதம் திரையில் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சப்மிட்டபிள் வேறு சாதி. 2010-இல் தொடங்கிய இது தேடுவதற்கான தளமாகப் பிறந்ததில்லை. இதழ்களும் அமைப்புகளும் படைப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் வாசல் அது. அதனால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் எல்லோருக்கும் கணக்கு வேண்டியிருக்கிறது. அனுப்பிய எல்லாம் ஒரே இடத்தில் தெரிவது வசதி. அதிலுள்ள வாய்ப்புப் பட்டியலோ பெரும்பாலும் கடைசி நாள் வரிசைதான், கட்டணம் கேட்கும் அறிவிப்புகளும் நிறைய. 'பெறப்பட்டது' என்ற நிலை 'பரிசீலனையில்' என்று மாறியதும் இதயம் ஒருமுறை துள்ளும். யாரோ ஒருவருக்கு அந்தக் கோப்பு ஒதுக்கப்பட்டாலே அது மாறிவிடக்கூடும் என்று தெரிந்த பிறகும் துள்ளுவதை நான் நிறுத்தமுடியவில்லை.

'சில் சப்ஸ்' என்ற தளம் இளையவர்களுக்குப் பிடிக்கும். பக்கங்கள் கலகலப்பாக இருக்கும், சிற்றிதழ்களின் குணத்தை நன்றாகச் சொல்வார்கள். பொயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் அமைப்பின் போட்டித் தரவுத்தளம் இலவசம். அங்கே இடம்பெறுபவை ஓரளவு சலித்தெடுக்கப்பட்டவை என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

2023-க்குப் பிறகு தேடலில் ஒரு மாற்றம் தெரிகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அறிவியல் புனைவு இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்ததால் படைப்புகள் வாங்குவதையே சிலகாலம் நிறுத்திவைத்தது. இப்போது பல இதழ்கள் சில நாட்களுக்கு மட்டும் கதவைத் திறக்கின்றன, அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடுகின்றன. தரவுத்தளத்தில் 'திறந்திருக்கிறது' என்று பச்சையாகத் தெரியும், இதழின் சொந்தப் பக்கத்தில் மூடியிருக்கும். எந்தத் தளம் சொன்னாலும், அனுப்பும் முன் இதழின் பக்கத்தையே கடைசியாகப் பார்க்கிறேன்.

தளங்கள் நமக்குச் செய்துதராத வேலை விதிமுறைகளைப் படிப்பது. அதிலும் உரிமை பற்றிய வரி. 'வெற்றிபெறும் படைப்புகளை வெளியிடும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு' என்றிருந்தால் நியாயம். 'சமர்ப்பிக்கப்படும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் அமைப்பாளரைச் சேரும்' என்றிருந்தால், தோற்ற கதையும் உங்கள் கையைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். இரண்டு வரிகளும் ஒரே மாதிரி எழுத்தில், ஒரே மாதிரிப் பத்திக்குள்தான் ஒளிந்திருக்கும். முதல்முறை வெளியிடும் உரிமையை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்குக் கேட்பவர்களோடு பழகுவது நல்லது. பரிசுத் தொகைக்கும் கட்டணத்துக்கும் உள்ள பொருத்தம், நடுவர்களின் பெயர் வெளியாகியிருக்கிறதா, தகுதியான படைப்பு வராவிட்டால் பரிசே தரமாட்டோம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்பவற்றையும் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் 1998 முதல் இயங்கும் ரைட்டர் பிவேர் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடுவேன். எழுத்தாளர்களை ஏய்க்கும் வழிகளை அவர்கள் அளவுக்குப் பொறுமையாக ஆவணப்படுத்தியவர்கள் குறைவு.

'வெளிவராத படைப்பு' என்ற நிபந்தனையில்தான் நல்ல எழுத்துகள் பலவும் அடிபடுகின்றன. முகநூலில் போட்ட கவிதை வெளிவந்ததா, வெளிவராததா? சில போட்டிகள் சொந்தத் தளத்தில் வந்ததைப் பொருட்படுத்துவதில்லை; சில, நண்பர்களுக்கு மட்டும் பகிர்ந்ததைக்கூட வெளியீடாகவே கருதும். போட்டிக்கு அனுப்பும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முடிவு வரும்வரை எங்கும் போடாமல் வைப்பதே உத்தமம். பெயர் மறைத்துப் படிக்கும் போட்டிகளில் இன்னொரு பொறி உண்டு. தலைப்புப் பக்கத்தில் பெயரை நீக்கிவிட்டு, கோப்பின் பெயரிலேயே தன் பெயரை வைத்து அனுப்புகிறவர்கள் ஏராளம். வேர்ட் கோப்பின் பண்புகள் பகுதியில் 'ஆசிரியர்' என்ற இடத்திலும் பெயர் உட்கார்ந்திருக்கும். அதையும் அழித்துவிட்டே அனுப்பவேண்டும்.

கட்டணத்தைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. நல்ல போட்டிகள் பலவும் கட்டணம் வாங்குகின்றன, அதில் தவறில்லை. ஆனால் தொடக்கத்தில் இருப்பவர்கள் முதலில் இலவசமானவற்றைத் தீர்த்துவிட்டுப் பிறகு பணப்பையைத் திறக்கலாம். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்குக் கட்டணம் கிடையாது; 2,000 முதல் 5,000 சொற்கள்வரை வெளிவராத கதை, பதினெட்டு வயது நிறைந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அனுப்பலாம். அது ஏற்கும் மொழிகளில் தமிழும் உண்டு என்பது நம்மில் பலருக்கு இன்னும் தெரியாதது வியப்பு. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்கிற நம் மொழியில் 2,000 சொல் கதை என்பது ஆங்கிலத்தைவிடச் சற்று நீளமான கதை. அதைக் கணக்கில் கொள்ளுங்கள். அறிவியல் புனைவும் மிகுபுனைவும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு 1983 முதல் நடக்கும் ரைட்டர்ஸ் ஆஃப் த ஃபியூச்சர் இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு சுற்று, 17,000 சொற்கள்வரை, தொழில்முறை எழுத்தாளர்களுக்கு அனுமதியில்லை, கட்டணமும் இல்லை.

அனுப்பியவர் எல்லோரையும் 'இறுதிச் சுற்றுக்குத் தேர்வு' என்று பாராட்டிவிட்டு, தொகுப்பு நூலை விலைக்கு விற்கும் கூட்டமும் உண்டு. இவர்களைச் சோதிப்பதற்காகவே வேண்டுமென்றே அபத்தமான கவிதைகளை ஒருவர் வெர்கிள் ஃப்ளாம்ப் என்ற புனைபெயரில் அனுப்பினார். அந்தப் பெயரிலேயே வின்னிங் ரைட்டர்ஸ் தளம் இப்போது இலவச நகைச்சுவைக் கவிதைப் போட்டி நடத்துகிறது. இலக்கிய உலகில் பழிவாங்கல் இவ்வளவு இனிமையாக முடிவது அபூர்வம்.

மேடைக்காரர்களின் நிலை இந்த அளவு வசதியானதில்லை. படைப்பின் அளவைக் கொடுத்துத் தேடும் கிரைண்டர் போன்ற ஒன்று நடிகர்களுக்கும் நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் நான் அறிந்தவரை அமையவில்லை. நாடகம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல திருப்பம் வாய்த்தது: 2015-இல் வந்த நியூ ப்ளே எக்ஸ்சேஞ்ச். அங்கே நாம் வாய்ப்பைத் தேடி அலைய வேண்டாம். பிரதியை ஏற்றி, எத்தனை நடிகர்கள், எவ்வளவு நேரம், என்ன வகை என்று குறித்துவைத்தால், நாடகக் குழுக்கள் தங்களுக்கு வேண்டியதைத் தேடி வருகின்றன. படித்தவர்கள் எழுதும் பரிந்துரைகள் பிரதியின் பக்கத்திலேயே தங்கும். இரண்டு பேர் நடிக்கும் பத்து நிமிட நாடகம் அங்கே படிக்கப்படுவதற்கான வாய்ப்பு, பன்னிரண்டு பேர் நடிக்கும் முழுநீள நாடகத்துக்கு இல்லை. இதுதான் நடைமுறை.

குறும்படமாகவோ பதிவாகவோ நிகழ்ச்சி வைத்திருப்பவர்கள், திரைவிழாக்களுக்குப் படைப்புகளை அனுப்ப உதவும் ஃபில்ம்ஃப்ரீவே தளத்தைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ஒருகாலத்தில் அந்தத் துறையை ஆண்ட வித்தவுட்டபாக்ஸ் 2019-இல் மூடப்பட்ட பிறகு அதற்குப் போட்டி குறைவு. தளம் எளிமையானது, பழுதில்லை. உள்ளே குவிந்திருக்கும் விழாக்களில்தான் கவனம் வேண்டும். மாதாமாதம் டஜன்கணக்கான பிரிவுகளில் விருது தந்து, திரையிடலே நடத்தாத 'விழா'க்கள் அங்கே தாராளம். எந்த அரங்கில், எந்தத் தேதியில் திரையிட்டார்கள் என்ற விவரம் சென்ற ஆண்டுக்குக் கிடைக்காவிட்டால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். நடிப்புத் தேர்வுக்கே பணம் கேட்கும் அழைப்புக்கும் இதே கதிதான்.

மேடையில் புதிதாக நிற்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, மேடையில் கவிதை நிகழ்த்திப் போட்டியிடும் கவிதை ஸ்லாம்களை. விதிகள் வெளிப்படை. மூன்று நிமிடம், பத்து விநாடி சலுகை, அதற்குமேல் போனால் மதிப்பெண் கழிவு. சொந்தக் கவிதை மட்டும். வாத்தியம், பொருட்கள், வேடம் கூடாது. பார்வையாளர்களிலிருந்தே ஐந்து நடுவர்கள். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் நீக்கப்பட்டு, மிச்சம் மூன்றின் கூட்டுத்தொகை மதிப்பெண். அன்று இரவே முடிவு தெரிந்துவிடும். நூறு நாள் காத்திருக்கும் எழுத்தாளர்களுக்குப் பொறாமையே வரும். ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஃபிரிஞ்ச் போன்ற நிகழ்த்துக் கலை விழாக்களைப் போட்டி என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. 1947-இல் அழைப்பில்லாமல் போய் நிகழ்த்திய எட்டுக் குழுக்களிலிருந்து வளர்ந்த விழா அது. அங்கே யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை, அரங்கைப் பிடித்து, செலவை ஏற்று நிகழ்த்த வேண்டும். வாய்ப்புதான், ஆனால் முதல் வாய்ப்பாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

பதிவு அனுப்பச் சொல்லும் போட்டிகளில் 'வெட்டு ஒட்டு இல்லாத ஒரே பதிவு' என்ற வரியைத் தவறவிட வேண்டாம். பின்னணியில் பிறர் இசை ஒலித்தால் காணொளித் தளமே ஒலியை அடக்கிவிடலாம். நடுவருக்கு ஊமைப் படம்தான் போய்ச்சேரும்.

இத்தனை தளங்களுக்கும் நடுவில் நான் நாள்தோறும் திறப்பது சொந்த எக்செல் தாள்தான். அதில் ஒவ்வொரு வரிசையும் ஒரு படைப்பு. பக்கத்தில் சொல் எண்ணிக்கை, அனுப்பிய இடம், நாள், ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்ப அவர்கள் அனுமதிக்கிறார்களா என்ற குறிப்பு. ஓர் இடத்தில் ஏற்பு வந்ததும் மற்ற எல்லா இடங்களிலிருந்தும் அன்றே திரும்பப்பெறுவதற்கு இந்தத் தாள் உதவுகிறது. சப்மிட்டபிளில் திரும்பப்பெறும் பொத்தான் இருக்கிறது. மின்னஞ்சலில் அனுப்பியவர்களுக்கு இரண்டு வரி எழுதினால் போதும், எங்கே ஏற்கப்பட்டது என்பதைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. டியோட்ரோப் சந்தாவை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்வதில்லை. முடிந்த படைப்புகள் சில சேர்ந்ததும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, தேடி முடித்து, நிறுத்திவிடுகிறேன்.