டி டிரைவில் இருந்தால் போகாது என்றார்கள், போய்விட்டது

வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, ஓஎஸ்ஸை, அதாவது விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளை, மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து அன்றே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். பதினோரு வருடப் புகைப்படங்களைப் பறிகொடுத்துவிட்டு, மூன்று மாதமாக அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

2016இல் வாங்கிய டெஸ்க்டாப் அது. விண்டோஸ் 10 ஹோம் அதிலேயே வந்தது. உள்ளே ஒரே ஹார்ட் டிஸ்க், அதை சி, டி என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தோம். கடந்த ஆறேழு மாதமாக பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்கும். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் எந்நேரமும் 100%. ஆனால் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த வேகம் விநாடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான். நல்ல ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய வீடியோவைப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி தரும். என் டிஸ்க் அதே வேலைக்கும் திணறிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இதையே தொழிலாகச் செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சர்வீஸுக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் ஆன் செய்து இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டா பறக்கும் சார்” என்றார். டிரைவை வெறுமையாக்கிவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதைத்தான் அப்படிச் சொன்னார். ஃபோட்டோ, வீடியோ எல்லாம் டி டிரைவில் இருக்கிறது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். “டி-யைத் தொடவே மாட்டோம் சார், சி மட்டும்தான் அடிப்போம்” என்றார். மறுநாள் சாயங்காலமே ரெடி என்று போன் வந்தது. போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்தேன்.

வீட்டில் வைத்துத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு டிரைவ்தான் இருந்தது. சி. அளவு 931 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கைப் பிரிக்காமல் முழுசாக வைத்தால் விண்டோஸ் காட்டுகிற எண் அது. அந்த எண்ணைப் பார்த்தவுடனே வயிற்றைப் பிசைந்தது. டி இருந்த இடமும் அதற்குள் போய்விட்டது.

உடனே போன் செய்தேன். “இன்ஸ்டால் பண்ணும்போது டிஸ்க்ல எரர் வந்துச்சு சார், பார்ட்டிஷனை எல்லாம் டெலீட் பண்ணிட்டுத்தான் போட முடிஞ்சுது. நீங்க பேக்கப் எடுத்து வெச்சிருக்கணும்” என்றார். பார்ட்டிஷன் என்றால் சி, டி என்று பிரித்த அந்தப் பகுதிகள்தான். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இந்த ஒரு பதிலில்தான். எரர் வந்திருக்கிறது, அவர் அதைப் பார்த்தும் இருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி எனக்கு ஒரு போன் செய்திருந்தால் எல்லாமே தப்பித்திருக்கும். அந்த எரர்தான் கம்ப்யூட்டர் மெதுவானதற்கே காரணம் என்பதும் அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் கணக்கு ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கிலும் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைத் திரையில் காட்டும். என் டிஸ்க்கைப் பார்த்தபோது மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை இருந்தது. கரன்ட் பென்டிங் செக்டர் என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும், இல்லை. அதாவது, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள் உள்ளே இருக்கின்றன. அப்படி ஓர் இடம் வந்தால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், நாம் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதற்கு எந்த ஓஎஸ்ஸை எத்தனை முறை போட்டாலும் பயன் கிடையாது. புதிதாகப் போட்ட விண்டோஸ் பத்தே நாளில் பழையபடி தவழ ஆரம்பித்தது.

டி டிரைவ் பத்திரம் என்ற நம்பிக்கை நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது தனிப் பெட்டி என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சியும் டியும் ஒரே தட்டில் போட்ட கோடுதான். டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். இன்ஸ்டால் செய்கிற திரையில் டெலீட்டை ஒரு தடவை கூடுதலாக அழுத்தினாலும் போய்விடும். டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் வைத்திருப்பவை சியில்தான் இருக்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் நாமாகப் போட்டுக்கொண்ட தமிழ் எழுத்துருக்களும்கூட அங்கேதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதங்கள் ஏதாவது இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். என் அப்பாவின் கடிதங்களை அப்படிப் பார்த்துத்தான் முதலில் பதறிப்போனேன்.

அடுத்தது லைசென்ஸ். நான் வாங்கியது விண்டோஸ் 10 ஹோம். திரும்பி வந்ததில் இருந்தது ப்ரோ என்ற வேறு பதிப்பு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் விண்டோவில் slmgr /xpr என்று கொடுத்தால், ஒழுங்கான வீட்டு லைசென்ஸில் நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரும். எனக்கு ஒரு காலாவதித் தேதி வந்தது. அலுவலகக் கம்ப்யூட்டர்களின் லைசென்ஸை மொத்தமாகச் சரிபார்க்கும் கேஎம்எஸ் முறையை ஏமாற்றுகிற திருட்டு ஆக்டிவேட்டரைப் போட்டிருக்கிறார்கள். அந்த முறையில் ஒரு தடவை ஆக்டிவேட் செய்தால் 180 நாள்தான் செல்லும், பிறகு மறுபடி செய்ய வேண்டும். அதற்காகவே ஒரு புரோகிராம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அது பிடிபடாமல் இருக்க, டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரையே சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டருக்குள் நாளைக்கு எது வந்து உட்கார்ந்தாலும் டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது. இந்தக் கம்ப்யூட்டரில்தான் என் மனைவி பத்து நாளாக வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தாள். அன்றிரவே போனிலிருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினோம்.

இதில் கொடுமை, இந்தத் திருட்டு வேலைக்குத் தேவையே இல்லை. விண்டோஸ் 10 ஒரு தடவை முறையாக ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டரில் அதே ஹோம் பதிப்பைத் திரும்பப் போட்டு இணையத்தில் இணைத்தால், மதர்போர்டு மாறாத வரை அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸைப் போடுவதற்கான பென்டிரைவைத் தயாரித்துத் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பிறகு நானே அப்படித்தான் போட்டேன். சாவி எண் எதுவும் கொடுக்கவில்லை.

ஃபோட்டோ விஷயத்துக்கு வருகிறேன். விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் முதலில் சொன்னது, “மொதல்ல ஆஃப் பண்ணுங்க, இனி அதுல எதையும் எழுதவே கூடாது” என்பதுதான். ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷனை அழித்து விரைவு ஃபார்மட் செய்தால், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகிறது. மேலே வேறு எதையாவது எழுதும் வரை படங்கள் அதே இடத்தில் கிடக்கும். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் இந்த நம்பிக்கையும் கிடையாது, அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். என் டி டிரைவ் தட்டின் பின்பாதியில் இருந்ததால் புது விண்டோஸ் பெரும்பாலும் அதன் மேல் ஏறவில்லை. பழுதான டிஸ்க்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் மூலம் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்து, அந்த நகலில்தான் தேடினோம். டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் பழைய பார்ட்டிஷனைக் கண்டுபிடித்தது. பாதி ஃபோல்டர்கள் பெயரோடு வந்தன. பட்டியல் கெட்டுப்போயிருந்த மீதியை ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள் தோண்டி எடுத்தது. அது படத்தைத் தரும், ஆனால் பெயரையும் ஃபோல்டரையும் தராது. எஃப் என்ற எழுத்தும் பின்னால் ஒரு நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. வீடியோக்களில் பல பாதியில் நின்றுவிடுகின்றன.

மறுபடி ஒருவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்க நேர்ந்தால் நான் என்ன செய்வேன் என்பது இப்போது தெளிவாக இருக்கிறது. வெளியே இருக்கிற ஒரு டிஸ்க்கில் நானே நகலெடுத்து, அதை வேறு கம்ப்யூட்டரில் செருகி நாலு படத்தைத் திறந்து பார்ப்பேன். கம்ப்யூட்டரைக் கொடுப்பதற்கு முன்பே ஸ்மார்ட் கணக்கைப் பார்ப்பேன். எந்தப் பதிப்பு, எந்த லைசென்ஸ், எந்த டிரைவைத் தொடுவீர்கள் என்று எழுதி வாங்குவேன். எழுதித் தர மாட்டேன் என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுவேன். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரைப் போட்டிருப்பவர்கள், பூட்டைத் திறக்க உதவும் 48 இலக்க ரெகவரி கீயைக் குறித்து வைக்காமல் எதிலும் கை வைக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் இப்போது எஸ்எஸ்டி இருக்கிறது, அரை நிமிடத்தில் தயாராகிவிடுகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால், கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறேன். தினமும் ராத்திரி நானும் மகளும் உட்கார்ந்து இருநூறு படமாகத் திறந்து, யார், எந்த வருடம் என்று பார்த்துப் பெயர் வைக்கிறோம். நேற்று அவளுடைய முதல் பிறந்தநாள் வீடியோ கிடைத்தது. எல்லாரும் கைதட்டத் தொடங்குகிற இடத்தில் நின்றுவிடுகிறது.