640 டாலர் போச்சு: பழைய தூண்டில் ரீல் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக வராது. தூண்டில் சாமான்களை அவரவர் விற்கவும் வாங்கவும் ஒரு இணையச் சந்தை இருக்கிறது. அங்கே பெரிய பாரை மீனுக்கென்று 20000 சைஸ் ஸ்பின்னிங் ரீல் ஒன்று வாங்கினேன், தூண்டில் நூலைச் சுற்றி இழுக்கிற கருவி. 640 டாலர். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று அங்கிருந்தே சொல்லிவிட்டார்கள், அதனால் பெயர் வேண்டாம்.

நம்ப வைத்தது ஒரு வீடியோ. விற்றவர் ரீலை ராடில் மாட்டி, பிரெய்டு என்கிற பின்னல் நூலின் முனையைத் தராசுக் கொக்கியில் கட்டி மெதுவாக இழுக்கிறார், முள் 12 கிலோ வரைக்கும் ஏறி நிற்கிறது, அதற்கு அப்புறம்தான் நூல் சுற்றியிருக்கும் ஸ்பூல் சுற்றவே ஆரம்பிக்கிறது. போதாததற்கு அந்தத் தளமே ஒட்டியிருந்த ‘அசல், சரிபார்க்கப்பட்டது’ முத்திரை. கைக்கு வந்ததும் நானும் தராசில் மாட்டி இழுத்தேன், அதே 12 கிலோ. இதற்கு மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

பாரை லேசுப்பட்ட மீன் இல்லை. 2006இல் ஜப்பானில் பிடித்த உலக சாதனைப் பாரை 72.8 கிலோ. எனக்கு மாட்டியது அதில் பாதிகூட இருந்திருக்காது, ஆனாலும் மாட்டின உடனே நேராகப் பவளப் பாறைக்குள் பாய்கிற புத்தி சின்னதற்கும் பெரியதற்கும் ஒன்றுதான். பாப்பரை, அதாவது மிதக்கிற போலி இரையை, மீன் அடித்த வேகத்தில் நூல் வழுக்கிக்கொண்டு போனது, ட்ராக் என்கிற ரீலின் பிரேக் நூலை நன்றாகத்தான் விட்டது. சட்டென்று வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது, கருகல் வாடை வந்தது, ஸ்பூல் அப்படியே இறுகி நின்றது. பிரெய்டு படாரென்று அறுந்தது. வாயில் பாப்பரும் முள்ளுமாக அந்த மீன் போய்விட்டது, அதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

ரீல் மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரித்தேன். கூடு அசல். ஆனால் உள்ளே ட்ராக்கில் கார்பன் வாஷர் இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டிய ஃபெல்ட் துணித் துண்டுகள், ஓரம் கோணல்மாணலாக, துளி கிரீஸ் இல்லாமல், கறுத்துப்போய். கையால் மெதுவாக இழுத்தால் அதுவும் 12 கிலோ தாங்கும். மீன் விடாமல் ஓடும்போது உரசி ஏறுகிற சூட்டைத்தான் தாங்காது. தராசு அதை எங்கே காட்டும்!

தளத்தில் புகார் கொடுத்தேன். முதலில் “விற்றவரிடம் பேசுங்கள்” என்றார்கள். அவரோ “தளத்தைக் கேளுங்கள், முத்திரை அவர்கள் கொடுத்தது” என்கிறார். மறுபடி தளத்துக்குப் போனால், பணம் திரும்பக் கேட்க 7 நாள்தான், முடிந்துவிட்டதாம். கடலுக்குப் போகாமல் ரீலை எப்படி ஐயா சோதிப்பது? போட்டோ அனுப்பினால், “நீங்களே பிரித்துவிட்டீர்கள், இனி பொறுப்பு எங்களுடையது இல்லை.” பிரிக்காமல் போட்டோ எங்கிருந்து வரும்? முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, வெளித்தோற்றத்தைப் பார்த்துக் கொடுப்பது என்று ஒரே வரி. 640 டாலர் வாங்கும்போது இது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இப்போது என் செய்திகளைத் திறந்து பார்ப்பதோடு சரி, பதில் கிடையாது. அதே ஆள் அதே வீடியோவைப் போட்டு இன்னொரு ரீலை விற்பனைக்கு வைத்திருக்கிறார், முத்திரையோடு.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தராசு வீடியோவை நம்பாதீர்கள். ட்ராக்கை இறுக்கும் திருகைக் கழற்றி வாஷர்களை வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் 7 நாளுக்குள் மெக்கானிக்கிடம் கொடுங்கள், பிரிக்கும் முன்பே தளத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வங்கி அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே முறையிடுங்கள், நான் இன்று காலை முறையிட்டிருக்கிறேன்.