விண்டோஸ் ஏற மறுக்கிறதா? பென்டிரைவா, லினக்ஸா, ரேமா

2016ல் வாங்கிய டெஸ்க்டாப், ஆறாம் தலைமுறை ஐ5. தினமும் இரண்டு தடவையாவது நீலத் திரை காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். ஃபார்மேட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டால் தீர்ந்துவிடும் என்று உட்கார்ந்தால், இன்ஸ்டாலேஷன் பாதியில் நின்று, கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று 80070570ல் முடியும் ஓர் எரர். நான் கடைசியில் ரேமை, அதாவது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தை, சோதிக்கும் வழிக்குப் போனவன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பென்டிரைவை மாற்றி மறுபடி முயல்வதில் செலவே இல்லை. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலில் புதிதாக இறக்கி, 8 ஜிபி பென்டிரைவ் வேறொன்றில் ஏற்றி, வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். ஒரே தடவை போதும். எனக்கு முதலில் 38 சதவீதத்தில் நின்றது, அடுத்து 61, அப்புறம் 12. நிற்கிற இடம் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் பென்டிரைவின் மேல் பழி போடுவதில் பெரும்பாலும் அர்த்தமில்லை.

விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸ் போட்டுவிடு என்பார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, 11 என் பிராசஸரை ஏற்காது, ஆக யோசனை நியாயமானதுதான். ஆனால் ரேம் கெட்டிருந்தால் லினக்ஸும் விழும். லினக்ஸில் ஒரு வகையான மின்ட்டை, டிஸ்க்கில் ஏற்றாமல் நேராக ஓடும் லைவ் பென்டிரைவாகக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், எதையும் தொடுவதற்கு முன்னால் போட்டோக்களை வெளியே எடுக்க அதுதான் கைகொடுத்தது.

இனி ரேம். விண்டோஸின் கோப்புகள் பென்டிரைவில் சுருக்கப்பட்டு இருக்கின்றன, அவற்றை விரிக்கும் வேலை ரேமில் நடக்கிறது. அங்கே ஒரே ஒரு பிட் புரண்டாலும் சரிபார்ப்புக் கணக்கு உதைக்கும், உடனே இன்ஸ்டாலர் கோப்பு கெட்டுவிட்டது என்று சொல்லிவிடும். கோப்பு பாவம், நன்றாகத்தான் இருக்கும். ரேமைச் சோதிக்கும் மென்பொருளான மெம்டெஸ்ட்86+ இலவசம், பென்டிரைவிலிருந்து நேராக பூட் ஆகும், விண்டோஸே தேவையில்லை. என்னிடம் இரண்டு 4 ஜிபி ரேம் ஸ்டிக்குகள். சில நிமிடங்களிலேயே சிவப்பு வரிகள் கொட்ட ஆரம்பித்தன. இங்கேதான் பொறுமை வேண்டும்: ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மட்டும் சோதிக்க வேண்டும், அதே ஸ்டிக்கை அடுத்த ஸ்லாட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லாட் செய்த குற்றத்துக்கு நல்ல ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடுவோம். தங்க முனைகளை ரப்பரால் துடைத்தும் பார்த்தேன், பலனில்லை. ஒரு ஸ்டிக் இரு ஸ்லாட்டுகளிலும் பிழை காட்டியது, மற்றது ராத்திரி முழுக்க ஓடியும் சுத்தம். அந்த ஒற்றை ஸ்டிக்கோடு பழைய 10ஐயே போட்டேன், முதல் முயற்சியிலேயே ஏறிவிட்டது. ஒரு சர்வீஸ் கடையில் இதே மெஷினுக்கு மதர்போர்டு மாற்றணும் என்றிருந்தார்கள்!

ரேம் சுத்தமாக இருந்தால் அடுத்த சந்தேகம் டிஸ்க். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் ரீஅலொகேட்டட், பென்டிங் செக்டர் (கெட்டுப்போன, கெட்டதாகச் சந்தேகிக்கப்படும் பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் யோசிக்காமல் எஸ்எஸ்டி வாங்கிவிடலாம். லேப்டாப்பில் நான் இதையெல்லாம் செய்து பார்த்ததில்லை. ரேமைப் போர்டிலேயே பற்றவைத்த மாடல்களில் கழற்றி மாட்டும் வித்தைக்கு இடமும் இல்லை.

இப்போது 4 ஜிபியில் குரோமில் ஐந்தாறு டேப் திறந்தாலே மூச்சு வாங்குகிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு டிடிஆர்4 ரேம் ஸ்டிக் தேடிக்கொண்டிருக்கிறேன், மெம்டெஸ்ட் பென்டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு.